காலிக் கட்டத்தில் ஓர் ஐம்பது

இன்வர்கெல்டி,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

அன்புள்ள எய்லிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், என் இடது முழங்காலை மட்டும் இந்த வாக்கியத்தில் சேர்க்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஆக்னஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் ஏறும்போது உலகத்தின் மறுகோடியில் உங்கள் டனீடினில் குளிர் இறங்கத் தொடங்கியிருக்கும், குழந்தைக்கு மார்புச் சளி கட்டாமல் பார்த்துக்கொள். போன செவ்வாய்க்கிழமை நீ போனில் பேசி முடித்தபோது நான் சரிம்மா, பார்க்கலாம் என்று சொன்னேன் அல்லவா, அது பதில் இல்லை. எதிரில் ஒருவர் உறுதியாகப் பேசினால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அது பெற்ற மகளாக இருந்தாலும் சரி. அதனால்தான் காகிதம் எடுத்தேன். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. அம்மா மேல்முறையீட்டைத் திரும்பப் பெறமாட்டாள்.
2. அவள் வாங்கியது சமையல் வகுப்புச் சான்றிதழ் இல்லை.
3. அவளுக்குப் போடப்பட்ட ஐம்பது மேலிடத்து விதி. அதை எழுதிய கை மட்டுமே என்னுடையது.
4. வியாழக்கிழமை மேல்முறையீட்டு விசாரணைக்கு நானும் கூடப் போகிறேன், வாயைத் திறப்பேன்.
5. முழங்கால், கூரை, ருபார்ப்.

முதலாவதைத் தொடங்கப் பயமாக இருப்பதால் ஐந்தாவதை முதலில் முடித்துவிடுகிறேன். முழங்காலுக்கு இலையுதிர் காலத்தில் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மார்ச் மாதக் காற்றில் பறந்த இரண்டு கூரைப் பலகைக் கற்களை மாற்றியாகிவிட்டது. தோட்டத்து ருபார்ப் தண்டு இந்த வருடம் என் மணிக்கட்டுத் தடிமனுக்கு வந்திருக்கிறது, அம்மா ஒன்பது பாட்டில் ஜாம் போட்டாள், உனக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் ஆசை, ஆனால் போன முறை அனுப்பியதை உங்கள் ஊர்ச் சுங்க அதிகாரிகள் தின்றுவிட்டார்கள் என்று அவள் இன்னும் நம்புகிறாள்.

இனி முதலாவது. நீ போனில் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். அப்பா, நீங்கதான் அம்மாகிட்ட எடுத்துச் சொல்லணும், சாயங்கால வகுப்புக்குப் போனாங்க, டிப்ளமோ வாங்கினாங்க, ரொம்ப நல்லது, அதோட நிறுத்திக்கட்டும், அறுபத்தொரு வயசுல யுனிவர்சிட்டி வாசல்ல போய் நின்னு அவமானப்பட வேணாம், அவங்கதான் இல்லேன்னு சொல்லிட்டாங்களே, அப்பீலெல்லாம் எதுக்கு, நானே இங்க சேர்க்கைக் கமிட்டியில உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா என்றாய். நான் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் அம்மாவிடம் சொன்னேன். அவள் பார்லி சூப்புக்கு டர்னிப் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி நிற்கவே இல்லை. அவ டாக்டர் பட்டம் வாங்கினப்ப நான் கைதட்டினேனா இல்லையா, இப்ப என் முறை, கைதட்ட முடியலேன்னா கையக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்லு, அப்புறம் நான் வாசல்ல நிக்கப் போறதில்ல, உள்ள போகப் போறேன், அதையும் சொல்லிடு மனுஷா என்றாள். சொல்லிவிட்டேன்.

நீ கோபித்துக்கொள்வாய், ஆனாலும் இதில் என்ன பணயம் என்று உனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். தொழிற்கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமோ முடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் நேரடியாக மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்று இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது, கல்லூரி நடைக்கூடத்தில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அம்மா மாலை வகுப்பில் படித்ததால் இரண்டு வருடத்தை நான்கு வருடத்தில் முடித்தாள். அந்த வழி திறந்தால் இன்னும் இரண்டே வருடத்தில் ஊட்டச்சத்துப் பட்டம். அடைபட்டால் பள்ளி இறுதித் தேர்வு, அதன்பின் முதலாம் ஆண்டு, அவளுக்கு அறுபத்தேழு ஆகிவிடும். பட்டம் எதற்கு என்று கேட்டாய். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள் அவள். இப்போது மாவட்டம் முழுமைக்கும் உணவுப் பட்டியல் நாற்பது மைல் தள்ளி ஓர் அலுவலகத்தில் தயாராகிறது. திங்கட்கிழமைகளில் குளிர்ந்த சாண்ட்விச்சை எடுத்துவிட்டுச் சூடான சூப் வைக்கலாமா என்று போன வருடம் கேட்டு எழுதினாள். பட்டம் பெற்ற ஊட்டச்சத்து அதிகாரி மட்டுமே பட்டியலை மாற்ற முடியும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவள் அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, சரி, அப்ப அந்த அதிகாரியா நான் ஆயிட்டுப் போறேன் என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தக் காகிதம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது. அம்மா வாங்கிய டிப்ளமோவில் உணவு வேதியியல் இருந்தது, நுண்ணுயிரியல் இருந்தது, புள்ளியியல் இருந்தது. நான்கு குளிர்காலம் இந்தச் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவளுடைய புத்தகங்கள், மறு பக்கம் என் தட்டு. கடைசி ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது ரொட்டி. மற்ற நாட்களைவிடத் திங்கட்கிழமை பிள்ளைகள் நாற்பது துண்டு ரொட்டி கூடுதலாக எடுக்கிறார்கள் என்பதைப் பள்ளி நாள் ஒன்று விடாமல் ஒரு வருடம் எண்ணி, மழையோ விளையாட்டு நாளோ காரணமில்லை என்று கணக்கால் காட்டி, சனி ஞாயிறு வீட்டில் போதிய சாப்பாடு இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதினாள். கூட வேலை செய்யும் மோரா ஸ்கீன் இருக்கிறாளே, அவள் அந்த ஒரு வருடமும் கேலிதான், ஏ புரொஃபசரம்மா, ரொட்டிய எண்ணினது போதும், உருளைக்கிழங்கு கருகுது பாரு என்பாள், ஆனால் அம்மா காய்ச்சலில் படுத்த மூன்று நாளும் எண்ணிக் குறித்துக் கொண்டுவந்து கொடுத்தது அதே மோராதான். வகுப்பிலேயே அம்மாவின் ஆய்வுதான் முதலாவதாக வந்தது. நான் லத்தீன் படித்துப் பட்டம் வாங்கியவன், என் படிப்பை வைத்து ஒரு பிள்ளைக்கும் ஒரு கரண்டி சூப் கூடுதலாகக் கிடைத்ததில்லை.

மூன்றாவது. இதை எழுதத்தான் இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். நிராகரிப்புக் கடிதம் வந்ததும் அம்மா தன் விண்ணப்பத்தின் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கினாள். அதில் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் 50 என்று இருந்தது. அறுபதுக்குக் கீழே என்றால் தானாகவே நிராகரிப்பு. வகுப்புல முதல் ஆளு நானு, யாருய்யா எனக்கு ஐம்பது போட்டது என்று அவள் தாளை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். அந்த ஐம்பதை எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் அதே சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்தவன் நான். தொழிற்கல்லூரிப் பாடங்களுக்கு அந்த நாளில் மதிப்பெண் கிடையாது, தேறினார் என்று மட்டும் போடுவார்கள், பெரும்பாலான பாடங்களுக்கு இன்றும் அப்படித்தான். எங்கள் படிவத்திலோ சதவீதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. கட்டம் காலியாக இருந்தால் ஐம்பது எழுத வேண்டும் என்பது விதி. மேலிடத்திலிருந்து வந்தது. நான் குமாஸ்தா, எழுதினேன், நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்தவர்கள் எழுதினார்கள், இப்போது கணினியே எழுதிக்கொள்கிறது. துறைமுகத்தில் பற்றவைப்பு வேலை செய்த ஆர்ச்சி பிட்கெத்லி என்று ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்து, ஐயா, நான் எல்லாத்துலயும் தேறியிருக்கேன், இந்த ஐம்பது எங்கேருந்து வந்துச்சு என்று கேட்டார். விதி என்றேன். யாரோட விதி என்றார். மேலிடத்து விதி என்று சொல்லி ஜன்னலை இறக்கினேன். அவர் முகம் எனக்கு மறக்கவில்லை, ஆனால் எய்லி, விதியை உண்டாக்கியவன் ஒருவன், ஒப்பித்தவன் இன்னொருவன், இரண்டும் ஒன்றாகாது. வியாழக்கிழமை கமிட்டியில் இதைத்தான் சொல்லப் போகிறேன், உங்கள் மேலிடம் ஒரு முட்டாள் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறது, எடுங்கள் என்று. நான்காவது குறிப்பும் இத்தோடு முடிந்தது.

வியாழன், மாலை

இரண்டு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மேலே எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை, படித்தால் திருத்தத் தோன்றும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலையில் மோரா வந்தாள், கையில் ஒரு டின் நிறைய வெண்ணெய் ரொட்டி. ஏ ரோனா, இத எடுத்துட்டுப் போ, அந்தப் புரொஃபசருங்க வாயில ஆளுக்கு ரெண்டு போட்டின்னா மூணாம் வருஷம் என்ன, நேரா பட்டத்தையே குடுத்து அனுப்பிடுவானுங்க என்றாள். அம்மா டின்னை வாங்கிப் பைக்குள் வைத்து, நான் அங்க சமையல்காரியா போகல மோரா, இதத் திறக்கறது வெளிய வந்தப்புறம்தான் என்றாள்.

அறையில் மூன்று பேர். ஊட்டச்சத்துத் துறைப் பேராசிரியர் லாக்ஹார்ட், சேர்க்கை அலுவலகத்தின் இப்போதைய தலைவி மிஸ் இம்ரி, குறிப்பெடுக்க ஒருவர். என்னை யாருக்கும் தெரியவில்லை, நான் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாயிற்று, அம்மாவுக்குத் துணைக்கு வந்த கணவன், அவ்வளவுதான். பேராசிரியர் மரியாதையான மனிதர். திருமதி மெல்ட்ரம், உங்க அனுபவத்த நாங்க ரொம்ப மதிக்கிறோம், ஆனா மூணாம் வருஷத்துல புள்ளியியல் கொஞ்சம் கடுமை, பாதியிலேயே போயிடறவங்க உண்டு, உங்களுக்கு அந்தச் சங்கடம் வேணாமேன்னுதான் பாக்குறோம் என்றார். அம்மா ரொட்டி ஆய்வை அவர் முன்னால் விரித்து வைத்தாள். ஐயா, என் சங்கடத்த நான் பாத்துக்கறேன், நீங்க முப்பத்தோராம் பக்கத்து அட்டவணையப் பாருங்க, தப்பு இருந்தா சொல்லுங்க, இப்பவே எழுந்து போயிடறேன் என்றாள். அவர் பார்த்தார். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மிஸ் இம்ரி பேசினாள், இளம் பெண், நேர்மையான முகம். மதிப்பெண் இல்லாத டிப்ளமோவுக்கு ஐம்பது போடறது நான் வர்றதுக்கு முன்னாடியே கையேட்டுல இருக்கு, எங்கேருந்து வந்துச்சுன்னு பழைய கோப்பெல்லாம் தேடினேன், செனட் தீர்மானம் எதுவும் இல்ல, டீன் உத்தரவும் இல்ல, இந்த ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைச்சுது என்று மேசையின் நடுவே தள்ளினாள்.

பச்சை மை. மதிப்பெண் இல்லாத இடத்தில் 50 இடுக. தற்காலிகம். கி. மெ. அவ்வளவுதான் அதில் இருந்தது. நான் 5 எழுதினால் அதன் மேல்கோடு ஒரு தொப்பிபோல எப்போதும் நீளமாக இருக்கும், சின்ன வயதில் நீ அதைப் பார்த்துச் சிரிப்பாயே, அந்தத் தொப்பி. எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. முப்பத்தாறு வருடத்துக்கு முன்பு ஓர் ஆகஸ்ட் மாதம். அலுவலகத்துக்குப் புதிதாகக் கணினி வந்திருந்தது, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அது முழு விண்ணப்பத்தையும் ஏற்காமல் தள்ளிவிடும். தொழிற்கல்லூரிக்காரர்கள் நாற்பது பேர். சைபர் போட மனம் வரவில்லை, நூறு போட அதிகாரம் இல்லை, நடுவில் இருக்கிறதே என்று ஐம்பது போட்டேன். டீன் மீன்பிடிக்க மலைப்பக்கம் போயிருந்தார், வந்ததும் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று தற்காலிகம் என எழுதினேன். அவர் வந்தார். அவர் அறை வாசல் வரை இரண்டு முறை போனேன், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, கதவைத் தட்டக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன். மூன்று வருடம் கழித்து, அறுபதுக்குக் கீழே நிராகரிப்பு என்று புது விதி வந்தது. அது உண்மையாகவே மேலிடத்து விதிதான். ஆனால் அது வந்த அன்று என் ஐம்பது இனி என்ன செய்யும் என்று அந்தக் கட்டிடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எப்போது என்று தெரியவில்லை, அது மேலிடத்தில் இருந்து வந்தது என்று நானே நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

கி. மெ. யாரென்று அங்கே இருந்த மூவருக்கும் தெரியாது. நான் பேசாமல் இருந்திருக்கலாம், ஒருவரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது, நாற்பது வருடமாக நான் எழுதும் கடைச் சாமான் சீட்டைப் படித்தவள் அல்லவா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் பையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன், முழங்கால் சத்தம் போட்டது. அந்தச் சீட்டு என்னுடையது, என் பெயர் கில்பர்ட் மெல்ட்ரம், யாரும் சொல்லி எழுதியதல்ல, யாரைக் கேட்டும் எழுதியதல்ல, தற்காலிகமாக வைத்தேன், இப்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பேராசிரியர் திகைத்துப்போய், ஐயா, அப்படியெல்லாம் எடுக்க முடியாது, அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு என்றார். வைக்கும்போது நடைமுறை இருக்கவில்லையே என்றேன். எய்லி, அதை நான்தான் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மிஸ் இம்ரி தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை அடக்கினாளோ என்னவோ.

எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். அந்த இருபது நிமிடத்தில் காலிக் கட்டத்தையும், நடுவில் இருக்கிறதே என்று ஐம்பது போட்டதையும் அம்மாவிடம் சொல்லி முடித்தேன். திரும்ப அழைத்து, எல்லாவற்றையும் கருத்தில் கொண்டு ஒரு சமரசமாக இரண்டாம் ஆண்டில் இடம் தர முடியும் என்றார் பேராசிரியர். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன், அதுதான் என் சுபாவம். அம்மா முந்திக்கொண்டாள். சுவர்ல மாட்டியிருக்கிற ஒப்பந்தத்துல மூணாம் வருஷம்னு இருக்கு, நீங்க நடுவுல நிக்கறீங்க, இந்த மனுஷனும் இப்படித்தான் நடுவுல இருக்கேன்னு ஐம்பது போட்டாரு, உங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம், மூணாம் வருஷம் குடுங்க, இல்லேன்னா ஏன் இல்லேன்னு எழுதிக் குடுங்க என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வெளியே கல்சுவரில் உட்கார்ந்து டின்னைத் திறந்தாள். எனக்கு ஒரு ரொட்டி கொடுத்தாள். சாப்பிடு, இன்னிக்குத்தான் நீ வாயத் திறந்திருக்க, ஆனா அந்த ஐம்பதால திரும்பிப் போனவங்கள நான் மறக்கப் போறதில்ல, நீயும் மறக்காத என்றாள். மறக்கவில்லை.

புதன்கிழமை

கடிதம் வந்துவிட்டது. செப்டம்பரில் மூன்றாம் ஆண்டு. அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில், அந்தப் பழைய இரண்டு வரிப் பதிலின் பக்கத்தில் ஒட்டிவிட்டு, ஒண்ணுமே நடக்காததுபோல டர்னிப் நறுக்கப் போய்விட்டாள். மோரா மட்டும் வாசலிலிருந்தே கத்தினாள், திங்கக்கிழமை சூப்புக்கு இப்பவே சட்டி கழுவி வெக்கட்டுமா புரொஃபசரம்மா என்று. மிஸ் இம்ரி தனியாக எனக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறாள், கையேட்டிலிருந்து ஐம்பது நீக்கப்பட்டது, இந்த வருடம் அதனால் தள்ளப்பட்ட இன்னும் பதினொரு பேருடைய விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஆர்ச்சி பிட்கெத்லி துறைமுகத் தெருவில்தான் இருக்கிறாராம், மோராவுக்கு அவர் வீடு தெரியும். சனிக்கிழமை போகிறேன். என் முகத்திலேயே கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும், இந்தக் கதவைத் தட்டாமல் திரும்பமாட்டேன்.

உனக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும், அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்குத் தெரியாதா என்று கேட்டாயே, எனக்கும் அப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை உன் அலுவலகத்துக்குப் போனதும், உங்கள் படிவத்தில் காலியாக வரும் கட்டத்தில் யார், என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பார். மேலிடம் என்று பதில் வந்தால் சீட்டைக் காட்டச் சொல். அப்புறம் அம்மாவுக்குப் போன் செய், கையைத் தட்டு, அவள் காத்திருக்கிறாள், ஆனால் அதை ஒப்புக்கொள்ளமாட்டாள். மாப்பிள்ளைக்கும் உனக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். ஆக்னஸ் குட்டி நல்ல உடம்போடும், நினைத்ததைக் கேட்கும் வாயோடும் வளர வேண்டும், என் வாய் வேண்டாம், பாட்டியின் வாய் இருக்கட்டும்.

கடைசியாக, மேலே உள்ள மூன்றாவது குறிப்பு தவறு. அழித்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன், நீ அதை அப்படியே படிக்க வேண்டும். யாரோட விதி என்று அன்று ஜன்னலில் ஆர்ச்சி கேட்டார். என்னுடையது. முதலெழுத்து மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கில்பர்ட் மெல்ட்ரம்